ராத்திரியில் வீட்டை நனைக்கும் நாய்: அடிக்கும் முன் யோசிப்போம்!



ஒரு குழுக் கூட்டம் முடிந்து கிளம்பும் நேரம். உறுப்பினர் அக்கா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எங்க வீட்டு நாய் ஏழு வருஷமா வாசலைத் தாண்டித்தான் ஒண்ணுக்குப் போகும். இப்ப பத்து நாளா ராத்திரியானா நடுவீட்டிலயே போயிடுது. திமிரு புடிச்சுப் போச்சு. நாலு சாத்து சாத்தியும் திருந்தல" என்றார். அவருடைய கணவருக்கு வெளியூரில் வேலை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். குழுக் கடனில் வாங்கிய நான்கு ஆடுகள். ராத்திரிக் காவல் அந்தப் பெண் நாய்தான். அதனால்தான் அதை உள்ளே படுக்க விடுகிறார்.

நானும், "வெளியே கட்டிப் போடுங்கக்கா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். நாலாம் நாள் போன் வந்தது. நாய் சோறு தின்னவில்லை, வாந்தி எடுக்கிறது, படுத்த சாக்கில் சீழ் படிந்திருக்கிறது என்றார். கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது இரண்டே கேள்வி: "தண்ணி எவ்வளவு குடிக்குது? கடைசியா எப்ப பருவத்துக்கு வந்துச்சு?" இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. கருப்பையில் சீழ் கோத்திருந்தது. ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பிழைச்சிருக்காது" என்றார் மருத்துவர்.

நாங்கள் திமிர் என்று நினைத்தது நோய். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் ராத்திரியில் மட்டும்?

பகலில் நாய் இஷ்டத்துக்கு வெளியே சுற்றுகிறது. பத்து தடவை ஒண்ணுக்குப் போனாலும் நம் கண்ணில் படாது. ராத்திரி கதவைச் சாத்திய பிறகுதான் விஷயம் தெரிகிறது. நல்ல ஆரோக்கியமான வளர்ந்த நாய் ஏழெட்டு மணி நேரம் அடக்கிக்கொள்ளும். பல வருஷம் பழகிய நாய் திடீரென்று அடக்க முடியாமல் போனால், அது அடக்கக் கூடாது என்று நினைத்துச் செய்வதில்லை, அதனால் முடியவில்லை.

என்னென்ன காரணம் இருக்கலாம்?

1. கருப்பையில் சீழ்: கருத்தடை ஆபரேஷன் செய்யாத, வயது கூடிய பெண் நாய்க்கு வரும். பருவத்துக்கு வந்து ரத்தம் பட்ட பிறகு ஒன்றிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் வரும். நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய ஒண்ணுக்குப் போகும், சோர்ந்து படுக்கும். சில நாய்க்குச் சீழ் வெளியே வரும், சில நாய்க்கு வராமல் வயிறு மட்டும் உப்பும். தாமதம் செய்தால் உயிர் போகும்.

2. நீர்த்தாரையில் கிருமி: அடிக்கடி உட்காரும், கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், முக்கும். சில சமயம் ரத்தம் கலந்து வரும்.

3. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய்: ஆமாம், நாய்க்கும் சர்க்கரை வரும்! தண்ணீர் தாகம் அதிகமாகும். நன்றாகத் தின்றும் உடம்பு இளைத்தால் சர்க்கரையைச் சந்தேகிக்கலாம்.

4. தூக்கத்தில் கசிவது: கருத்தடை செய்த பெண் நாய்க்குச் சில சமயம் வரும். எழுந்த பிறகு படுத்த இடம் மட்டும் ஈரமாக இருக்கும். இதற்கு மாத்திரை உண்டு.

5. முதுமை: மூட்டு வலியால் எழுந்திருக்க முடியாது. வயதான நாய்க்குப் பகல், ராத்திரி குழப்பமும் வரும்.

6. மருந்தும் பயமும்: சொறி, அரிப்புக்குப் போடும் சில ஊசி மருந்துகளால் ஒண்ணுக்கு அதிகமாகும். தீபாவளி வெடிச் சத்தத்தில் பயந்தும் போகும். அது ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

கணக்கு எழுதுவோம்

குழுவில் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையா? நாய் சுறுசுறுப்பாக, நன்றாகத் தின்றுகொண்டு இருந்தால் இரண்டு நாள் கணக்கு எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போகலாம்.

- காலையில் 1 லிட்டர் பாட்டிலால் அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழித்துப் பாருங்கள். 10 கிலோ எடையுள்ள நாய் தினமும் 1 லிட்டருக்கு மேல், 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால் அது அதிகம்.
- ஒரேயடியாக நிறையப் போகிறதா, சொட்டுச் சொட்டாகவா? நிறம் என்ன?
- கடைசியாகப் பருவத்துக்கு வந்த மாதம் எது?
- முடிந்தால் காலையில் முதலில் போகும் நீரைப் பழைய கரண்டியில் பிடித்து, சுத்தமான காய்ந்த பாட்டிலில் கொண்டு போங்கள்.

ஆனால் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. முக்கி முக்கி ஒரு சொட்டும் வராவிட்டால் கல் அடைத்திருக்கலாம். வாந்தி, சீழ், ரத்தம், கண் மஞ்சள், வயிறு உப்புதல் இருந்தாலும் அன்றைக்கே அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள்.

சுத்தம் செய்யும்போது கவனம்!

எலிக்காய்ச்சல் கிருமி தாக்கிய நாயின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வெளியேறும். கை கால் வெடிப்பு, புண் வழியாக அது நமக்குள் புகும். வெறுங்காலோடு மிதிக்காதீர்கள். கையில் உறை, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு துடையுங்கள். முதலில் சோப்புத் தண்ணீர், அது காய்ந்த பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட், பினாயில் கலக்காதீர்கள். சாக்கைத் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். வாடை போகாவிட்டால் நாய் அதே இடத்தைத் தேடி வரும். எலிக்காய்ச்சலுக்கு நாய்க்குத் தடுப்பூசி உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

பழக்கம் மாறியதோடு எச்சில் ஒழுகல், விழுங்க முடியாமை, காரணமில்லாமல் கடித்தல் இருந்தால் வெறிநோய் சந்தேகம். வாயில் கை விடாதீர்கள், மருத்துவரை அழையுங்கள். கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

செய்யக் கூடாதவை

- அடிக்காதீர்கள், மூக்கை ஈரத்தில் தேய்க்காதீர்கள். பயந்து ஒளிந்து போகுமே தவிர நோய் தீராது.
- தண்ணீரை நிறுத்தாதீர்கள். சிறுநீரகம் கெட்ட நாய்க்கு அதுவே எமனாகும். படுக்கும் முன் ஒரு தடவை, நடு ராத்திரி ஒரு தடவை வெளியே விடுங்கள்.
- நமக்கு வாங்கிய வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

அந்த நாய் இப்போது பழையபடி வாசல் தாண்டித்தான் போகிறது. ஆனால் அக்கா கையில் விளக்குமாறு எடுத்தால் இன்னும் ஓரமாக ஒதுங்குகிறது. "வாயில்லா ஜீவனை அடிச்சிட்டேனே தங்கச்சி" என்று சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். வெளியே கட்டச் சொன்னவள் நான். எனக்கும் அந்த வருத்தத்தில் பங்கு உண்டு.

சகோதரிகளே, நாய்க்குத்தான் வாயில்லை. நமக்கு நீர்க்கடுப்பு, எரிச்சல் வந்தாலும் நாமும் வெளியே சொல்வதில்லையே! அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். யார் வீட்டு நாய் என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். அப்படியே, நம் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்.