காலையில் எழுந்தால் உடம்பெல்லாம் தடிப்பு

படுக்கும்போது ஒன்றும் இல்லை. விடிந்து பார்த்தால் கையிலும் கழுத்திலும் தடித்தடியாக வீங்கி, சொறியச் சொறிய அரிப்பு கூடுகிறது. பெரியவர்கள் காணாக்கடி என்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவோம். காரணம் தெரியாமல் பூசுகிற அந்தக் களிம்புதான் பல வீடுகளில் தொல்லையை மாதக்கணக்கில் இழுத்துவிடுகிறது.

முதலில் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். ஒரு நாளுக்குள் அது அமுங்கி வேறிடத்தில் கிளம்பினால், பெரும்பாலும் கடி இல்லை, ஒவ்வாமை. உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

தடிப்பு நாள்கணக்கில் அதே இடத்தில் நின்றால் டார்ச்சை எடுத்துப் படுக்கையைச் சோதியுங்கள். மெத்தையின் தையல் ஓரம், கட்டில் மூட்டு, திருகாணித் துளை, தலைமாட்டுச் சுவரின் விரிசல். பேனா மை சிந்தியதுபோல் கருப்புப் புள்ளிகள், உரித்துப்போட்ட தோல், பொடி வெள்ளை முட்டைகள் இருந்தால் மூட்டைப்பூச்சிதான். வளர்ந்த பூச்சியே 5 மில்லிமீட்டர் அளவுதான். வலி தெரியாமல் சில நிமிடங்கள் ரத்தம் குடித்துவிட்டு இடுக்குக்குள் போய்விடும். சிலருக்குக் கடித்துச் சில நாள் கழித்தே தடிக்கும் என்பதால், போன வாரம் ஏறிய ஸ்லீப்பர் பஸ்ஸையும் நினைத்துப் பாருங்கள். பெட்டியோடும் பழைய கட்டிலோடும் எந்த வீட்டுக்கும் வரும் பூச்சி இது. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பெருகுகிறது.

இது மனிதருக்கு நோய் பரப்புவதாக உறுதியாகவில்லை. அதைக் கொல்லப் போடும் மருந்துதான் உயிரை எடுக்கிறது. தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் படுக்கையறையில் வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். அதற்கு முறிவு மருந்தே கிடையாது. சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் அந்த வாயு போகும். யார் கொடுத்தாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். துணிகளைக் கொதிநீரில் அலசலாம், 50 டிகிரி சூட்டில் முட்டையும் பிழைக்காது. இடுக்குகளுக்கு உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களை அழையுங்கள்.

படுக்கையில் ஒன்றுமே இல்லை, ஆனால் விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பு என்று இரவில் அரிப்பு உயிர்போகிறது, வீட்டில் இன்னொருவருக்கும் அதே கதை என்றால் சிரங்காக இருக்கலாம். தோலுக்குள் துளைத்து முட்டையிடும் நுண்ணிய பூச்சியின் வேலை. முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் குடும்பம் முழுக்கப் பரவியிருக்கும். ஸ்டீராய்டு களிம்பு பூசினால் அரிப்பு அடங்கியதுபோல் இருக்கும், உள்ளே பூச்சி பெருகும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவையாக்கியது. சீட்டில்லாமல் கொடுத்தால் வாங்க மறுங்கள். மருத்துவர் பெரும்பாலும் பெர்மெத்ரின் களிம்பு எழுதுவார். கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு விடாமல் இரவில் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூசாவிட்டால் வீண். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும்; பயப்பட்டுத் திரும்பத் திரும்பப் பூசாதீர்கள்.

காசு கொடுத்துத் தங்கிய இடத்திலோ பயணித்த வண்டியிலோ மூட்டைப்பூச்சி கடித்தால் அது சேவைக் குறைபாடு. பூச்சியையும் தடிப்பையும் அங்கேயே படம் எடுங்கள். ரசீதையும் மருத்துவர் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். ரயில் என்றால் ஓடும்போதே 139-இல் சொல்லலாம். மற்றவற்றுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

ஹாஸ்டல் பிள்ளைகள் தனித்தனியாகப் புகார் சொல்லாமல் எல்லோரும் கையெழுத்திட்டு வார்டனிடம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். ஓர் அறைக்கு மட்டும் மருந்து அடித்தால் பூச்சி பக்கத்து அறைக்கு நகர்ந்துவிடும். மாடி முழுவதற்கும் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.