பிறவி வரத்துக்கு என்ன விலை?

கேரம் பலகை இருக்கும் வீட்டுக்கெல்லாம் தனிச் சட்டம் உண்டு. சிகப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ போடாவிட்டால் சிகப்பை மட்டும் திருப்பி வைப்பதா, கூடவே ஒரு காயும் வைப்பதா என்பது தெருவுக்குத் தெரு மாறும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டுகளிலும் இதே கதைதான். அச்சிட்ட விதிப்புத்தகம் ஒருபுறம், அந்தந்தக் குழு தானே போட்டுக்கொண்ட 'ஹவுஸ் ரூல்' மறுபுறம். இந்த வகையின் மூத்த பிள்ளையான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (சுருக்கமாக டி அண்ட் டி) 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரின் கைவண்ணத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் வழிவந்த ஆட்டங்களில் வீட்டு விதி அதிகம் மொய்க்கும் இடங்களில் ஒன்று, பிறவியிலேயே வரும் மந்திரசக்தி.

காரணம் எளிது. நாவலில் ஒருவன் மட்டும் மந்திரத்தோடு பிறக்கலாம், அவன்தானே நாயகன். மேசையில் ஐந்து பேரும் நாயகர்கள். ஐவரும் சனிக்கிழமை மாலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். ஒருவனுக்கு வானத்திலிருந்து வரம் விழுந்து, அடுத்தவனுக்கு வெறும் வாள் என்றால், வாள்காரன் அடுத்த வாரம் வருவானா?

1978-ல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி புத்தகம் இதைப் பகடையிடம் விட்டது. அறிவு, விவேகம், வசீகரம் ஆகிய மூன்று எண்களில் ஒன்றாவது 16-ஐத் தொட்டால், அந்தப் பாத்திரத்துக்கு மனோசக்தி இருக்கிறதா என்று நூற்றுக்கு உருட்டிப் பார்க்கலாம். சரியாக 100 விழ வேண்டும். எண்கள் 16-ஐத் தாண்டினால் கொஞ்சம் சலுகை. மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டி ஓர் எண்ணைப் பெறும் பழைய முறையில் 16 அல்லது அதற்கு மேல் வருவது 216-க்கு 10 தடவைதான். கணக்குப் போட்டால் ஆயிரம் பாத்திரங்களில் சுமார் இரண்டுக்கு இந்த வரம் கிடைக்கும். அபூர்வமாக இருந்தால் நியாயமாகிவிடும் என்ற நினைப்பு. அந்த இரண்டில் ஒன்று உங்கள் மேசையில் வந்து உட்காரும்போது அபூர்வம் என்பது ஆறுதலே இல்லை. மற்ற நால்வருக்கும் அது வாராவாரம் கண்ணெதிரே நிற்கும்.

1991-ல் வந்த 'டார்க் சன்' என்ற பாலைவன உலகம் எதிர்த்திசையில் போனது. அங்கே ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் எல்லாருக்கும் மனோசக்தி ஏதோ ஒரு வடிவில் உண்டு. சண்டை தீர்ந்தது; ஆனால் எல்லாரிடமும் இருப்பதை வரம் என்று யார் சொல்வார்கள்? 'கர்ப்ஸ்' என்ற ஆட்டம் இன்னொரு வழி பிடித்தது. அதன் 2004 பதிப்பில் மந்திரப் பிறப்புக்கு விலைப்பட்டியலே உண்டு: தொடக்கத்துக்கு 5 புள்ளி, அதற்கு மேல் படிக்குப் பத்து. நேர்மையான ஏற்பாடு, கொஞ்சம் உப்புச்சப்பில்லாததும்கூட.

எனக்குப் பிடித்த விடை 1987-ல் ஜோனதன் ட்வீட், மார்க் ரைன்ஹேகன் எழுதிய 'ஆர்ஸ் மேஜிகா'வில் இருக்கிறது. களம் இடைக்கால ஐரோப்பா. மந்திரவாதியாக இருக்கப் பிறவிக் கொடை வேண்டும். ஆனால் அந்தக் கொடையே அவனை ஊரோடு ஒட்டவிடாது. அவன் பக்கத்தில் போனாலே குதிரை மிரளும், நாய் உறுமும். காரணம் சொல்லத் தெரியாமலே கடைக்காரன் சந்தேகப்படுவான். மலையைப் பிளக்கிறவனுக்கு ஒரு மூட்டை கோதுமை பேரம் பேச இன்னொருவன் துணை தேவை! அந்த இன்னொருவனும் ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம்தான். அதோடு ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதி, ஒரு துணைவன் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு கதைக்குக் கதை மாற்றி ஆடலாம். இந்த வாரம் மலை பிளப்பவர், அடுத்த வாரம் பேரம் பேசுவார். விலையை ஆட்டம் தொடங்குமுன் கட்டித் தீர்க்காமல், ஆட்டத்துக்குள்ளேயே தவணையாகக் கட்ட வைப்பதுதான் இதன் சாமர்த்தியம்.

இதே ட்வீட்தான் 2000-ல் டி அண்ட் டி மூன்றாம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர். அதில்தான் 'சார்சரர்' என்ற பிறவி மந்திரவாதி தனி வகையாக வந்தான். படித்துத் தேறிய 'விசார்டு' அறிவை நம்பி, புத்தகம் சுமந்து, காலையில் அன்றைய மந்திரங்களைத் தயார் செய்வான். சார்சரருக்கு வசீகரமே மூலதனம், புத்தகம் வேண்டாம். தெரிந்த மந்திரங்கள் குறைவு, போடும் தடவைகள் அதிகம்.

2014-ன் ஐந்தாம் பதிப்பில் இவனுக்குக் கட்டுக்கடங்காத மந்திரம் என்றொரு கிளை. மந்திரம் போட்ட பிறகு, ஆட்டத்தை நடத்தும் டிஎம் சொன்னால் இருபதுமுகப் பகடையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் ஐம்பது வரிசை கொண்ட விபரீதப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் சில நொடிகள் தொட்டிச்செடியாக மாறுவதும் உண்டு. தன் தலைமேலேயே நெருப்புக்கோளம் வெடிப்பதும் உண்டு. அந்தக் கோளம் எட்டுப் பகடைச் சேதம், சராசரி 28. முதல் நிலைச் சார்சரரின் உயிர்ப்புள்ளி பெரும்பாலும் ஏழெட்டு. விலகித் தப்பிப் பாதி வாங்கினாலும் ஆள் சாய்வான், பக்கத்தில் நின்ற நண்பர்களோடு.

ஆனால் இருபதில் ஒரு தடவை என்பது மெத்தனம். டிஎம் கேட்க மறந்தால் அதுவும் இல்லை. அதனால் பல மேசைகளில் ஒரு வீட்டு விதி நடப்பில் இருக்கிறது: விபரீதம் வராத ஒவ்வொரு தடவையும் வாய்ப்பு ஒரு படி கூடும். முதலில் 1 மட்டும், அடுத்து 1 அல்லது 2, பிறகு 3 வரை. அச்சிட்ட விதிப்படி ஐந்து மந்திரத்துக்குள் விபரீதம் வரும் வாய்ப்பு 23 சதவீதம். இந்த விதிப்படி 56. பயம் கூடக்கூட வாள்காரனுக்கும் சுவாரசியம். அவனும் அந்தப் பகடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

வீட்டு விதி அச்சேறுவதும் உண்டு. முதல் நிலையிலேயே எல்லாருக்கும் ஒரு தனித்திறன் இலவசம் என்பது பல குழுக்களின் வழக்கமாக இருந்தது. 2024 விதிப்புத்தகம் அதைப் பாத்திரத்தின் பூர்வீகத்தோடு சேர்த்தே தருகிறது. இரண்டு குட்டி மந்திரமும் ஒரு சற்றே பெரிய மந்திரமும் அதில் ஒரு தேர்வு. வாள்காரனும் விரல் நுனியில் விளக்கேற்றலாம்.

புதிதாகக் குழு சேர்ப்பவர்கள் இரண்டையும் கலந்து பார்க்கலாம். எல்லாருக்கும் அந்தக் குட்டிச் சலுகை. பெரிய வரம் கேட்பவருக்கு மட்டும் ஆர்ஸ் மேஜிகா பாணியில் ஒரு தொல்லை. அந்தத் தொல்லை என்னவென்று முதல் நாளே எல்லார் முன்னாலும் பேசி எழுதிவைத்துவிடுங்கள். முதல் நிலைக்காரர்களுக்கு நெருப்புக்கோளம் விழுந்தால் மறு உருட்டல் கொடுங்கள். விபரீதப் பகடையை உருட்டச் சொல்லும் வேலையை டிஎம்மிடம் விடாமல் சார்சரருக்குப் பக்கத்தில் உட்காருபவரிடம் ஒப்படையுங்கள். ஒரு தடவைகூட மறக்க மாட்டார்.