இரண்டு பெண் காவலர்

ஆட்கடத்தல் என்றதும் நம் கண்முன் என்ன தோன்றுகிறது? கட்டிப்போட்ட கைகள், இருண்ட அறை. திரைப்படம் நமக்குக் கற்பித்த பாடம் அது. நான் கண்டதோ வேறு.

சென்ற டிசம்பரில் ஒரு மாலை விடுதிக்குத் தொலைபேசி வந்தது. வீட்டு வேலைக்கென்று இந்நகருக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்ப் பெண் ஒருத்தி காவல் நிலையத்தில் இருக்கிறாள். தமிழ் அறிந்தவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். வேதியியல் ஆய்வகத்தில் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். தாய்மொழியால் ஒரு நன்மை செய்யப் போகிறோம் என்ற பெருமிதம் வேறு! அப்பெண்ணோ என் கேள்விகளுக்கெல்லாம் ஒரே விடைதான் தந்தாள்: “நானாத்தான் வந்தேன்.”

சப்-இன்ஸ்பெக்டர், எழுத்தர், 23 வயது வாலிபனாகிய நான். அறையில் மூவரும் ஆண்கள். ஒரு மணி நேரம் கழித்து வேறொரு நிலையத்திலிருந்து பெண் காவலர் ஒருவர் வந்தார். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர். எங்களை வெளியே போகச் சொன்னார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே, அரைகுறை இந்தியில், அவள் பேசத் தொடங்கினாள். அவள் சொன்னதை ஈண்டு எழுதுதல் முறையன்று.

‘நானாகத்தான் வந்தேன்’ என்றால் வழக்கு முடிந்ததா? இல்லை. 2013இல் திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நிற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் கூறுவது இதுதான்: அச்சுறுத்தியோ, ஏமாற்றியோ, ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டுவதற்காகக் கொண்டுவந்தால், அவர் இசைந்தாரா என்பது பொருட்டே அன்று. ஆனால், ஏமாற்றியதை யாரேனும் வாய் திறந்து சொல்ல வேண்டுமே! அங்கேதான் சிக்கல்.

சட்டம் செய்தோர் இதை உணராமல் இல்லை. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தில் 1986இல் ஒரு விதி சேர்த்தார்கள். அச்சட்டப்படி சோதனைக்குச் செல்லும் அதிகாரியுடன் குறைந்தது இரண்டு பெண் காவலர் செல்ல வேண்டும். மீட்ட பெண்ணைப் பெண் காவலரே விசாரிக்க வேண்டும். அவர் இல்லையேல், அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனத்துப் பெண் உறுப்பினர் ஒருவர் உடனிருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆயினும் அது பாலியல் சுரண்டல் பற்றிய சட்டம்; வீட்டு வேலைக்கோ செங்கற்சூளைக்கோ கொண்டுவரப்பட்டவளை அது எட்டாது.

அந்த இருவருக்குத்தான் எங்கே போவது? 2023 தொடக்கத்தில் நாட்டின் காவலரில் 100க்கு ஏறத்தாழ 12 பேரே பெண்கள். நிலையந்தோறும் 3 பெண் சப்-இன்ஸ்பெக்டர்களும் 10 பெண் காவலர்களும் வேண்டும், மொத்தத்தில் 33 விழுக்காடு வேண்டும் என்று மத்திய உள்துறை 2013இலேயே மாநிலங்களுக்கு எழுதியது. இருக்கும் சிலரும் விடுப்பு, பந்தோபஸ்து, நீதிமன்றப் பணி என்று பிரிந்துவிட்டால் இரவில் நிலையத்தில் மிஞ்சுவது யார்? பக்கத்து நிலையத்திலிருந்து ஆள் வரும்வரை தரகன் காத்திருப்பானா?

தனி மகளிர் நிலையங்கள் உண்டே என்பீர்கள். 1973இல் கோழிக்கோட்டிலும், 1992இல் சென்னை ஆயிரம் விளக்கிலும் தொடங்கியவை, மறுக்கவில்லை. ஆனால் இரயிலடியில் திகைத்து நிற்பவள் மகளிர் நிலையம் எங்கே என்று தேடிப் போவதில்லை. அருகிலுள்ள நிலையத்துக்கே கொண்டுபோகப்படுகிறாள். ஆகவே காவல் துறையில் பெண்ணுக்குச் சம இடம் என்பதை வேலைவாய்ப்புக் கணக்காக மட்டும் பார்ப்பது போதாது. பெண்கள்தாம் கேட்க வல்லவர் என்றும் நான் சொல்லவில்லை. கடத்தப்படுவோரில் சிறுவரும் ஆடவரும் உண்டு. பொறுமையாய்க் கேட்கும் கலையை ஆண் காவலரும் கற்றாக வேண்டும். மிரட்டிக் கேட்கும் பெண் காவலரும் இல்லாமலில்லை.

பிறரைச் சொல்வானேன்? மொழிபெயர்க்க முன்வருவோர் பட்டியல் ஒன்று நம் சங்கத்தில் இருக்கிறது. ஆறு பெயர்கள்; ஆறும் ஆண்கள்; முதற்பெயர் என்னுடையது. சகோதரிகள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பொங்கல் விழாவுக்கு முன் பட்டியலைத் திருத்தி எழுத இருக்கிறோம்.