ஒல்லி உடம்பும் சுகரும்

கடியப்பட்டணம் கடற்கரையில் மீன் ஏலம் நடக்கும்போது ஐம்பது வயது தாண்டிய ஆண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பலருக்குக் கையும் காலும் மெலிந்திருக்கும். சட்டை வயிற்றில் மட்டும் இறுக்கமாக நிற்கும். "எனக்கு வெயிட்டே இல்லியே, பின்ன எப்பிடி சுகர் வந்துது?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. எடைபார்க்கும் கருவி மொத்தக் கிலோவைத்தான் சொல்லும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் கணிக்கும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்களின் உடல்வாகு பெரும்பாலும் யாஜ்னிக்குடையதைப் போன்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அதற்கு இந்த உடல்வாகும் ஒரு காரணம்.

தோலுக்கடியில் சேரும் கொழுப்பால் பெரிய தொல்லை இல்லை. அங்கே இடம் போதாதபோது கொழுப்பு குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. அப்போது ஈரல் தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு ஏறுகிறது, நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்குகிறது. இந்த ரத்தம்தான் இரவும் பகலும் குழாய்களில் ஓடுகிறது.

ரத்தக்குழாயின் உட்புறம் ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. அவை சுரக்கும் நைட்ரிக் ஆக்ஸைடால்தான் குழாய் விரிந்து கொடுக்கிறது. சர்க்கரை கூடுதலாக இருந்தால் அந்தச் சுரப்பு குறையும். போதாக்குறைக்குச் சர்க்கரை, குழாய்ச் சுவரில் உள்ள கொலாஜன் புரதத்தில் ஒட்டி அதை விறைக்க வைக்கிறது. வெயிலும் உப்புக்காற்றும் பட்டு வள்ளத்து எஞ்சினின் எண்ணெய்க் குழாய் விறைத்துப்போவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிட்டத்தட்ட அந்த நிலைதான். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் கழுத்துத் தமனியின் சுவரை அல்ட்ராசவுண்டில் அளந்து 2000-இல் வெளியிட்ட ஆய்விலும் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சுவர் தடித்திருந்தது. இதோடு பீடியும் கருவாட்டு உப்பும் சேர்ந்தால் கேடு இன்னும் வேகமாக வரும்.

தசையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். கரமடி இழுத்த தோள்கள் வேலை குறைந்ததும் சுருங்குகின்றன, ஆனால் மரச்சீனியும் சோறும் பழைய அளவிலேயே தொடர்கின்றன. கட்டுப்படாத சுகரும் தசையைக் கரைக்கும். ஆகவே சுகர் உள்ளவர் பட்டினி கிடந்து எடையைக் குறைப்பது நல்லதல்ல. கொழுப்போடு தசையும் போய்விடும். கிழங்கைக் குறைத்துச் சாளையும் நெத்தோலியும் குழம்பாக வைத்துத் தின்னலாம். நடப்பதோடு நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதையும் தினமும் செய்யலாம். நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயிற்றை அளக்க ஒரு வலைக்கயிறு போதும். உங்கள் உயரத்துக்குக் கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து, மூச்சை வெளியே விட்டு, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றுங்கள். முனைகள் சேரவில்லையென்றால் வயிற்றுக் கொழுப்பு மிஞ்சிவிட்டது. டேப்பில் பார்த்தால் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் 2021 முதல் வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை தருகிறார்கள். மாத்திரையோடு நிறுத்திவிடாமல், வருடத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரில் ஆல்புமின் பார்க்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெடுவதை அது முன்கூட்டியே காட்டும். மணலில் நடக்கையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? அதை வயதின் களைப்பு என்று தள்ளாதீர்கள். காலுக்குப் போகும் குழாய் அடைபட்டிருக்கலாம். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று பொருள். அப்படிப்பட்ட காலில் மீன்முள் குத்தினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.