ராத்திரி 2 மணிக்கு தானா ஆன் ஆகுதா உங்க பழைய கம்ப்யூட்டர்?

லேப்டாப் மூடியை டப்புனு மூடிட்டு எழுந்து போறவங்களுக்கு இந்த அவஸ்தை புரியாது. வீட்டு மூலையில 8, 10 வருஷமா உழைக்கிற டெஸ்க்டாப்பில் ப்ராஜெக்ட் பண்றவங்களைக் கேளுங்க. ஸ்லீப் கொடுத்தா தூங்காது. தூங்கினா எழுந்திருக்காது. நடுராத்திரி யாரும் தொடாமலே ஃபேன் சத்தத்தோட எழுந்து உட்காரும். 'பேய் இருக்கு' என்று தம்பி போர்வையை இழுத்துக்குவான். 'கரன்ட் பில்லை யார் கட்டுறது?' என்று அப்பா ஆரம்பிப்பார். பெரும்பாலும் இதுக்குப் புது மெஷின் தேவையில்லை. பழைய டெஸ்க்டாப்புகள் பலவும் விண்டோஸ் 11-க்குத் தேறாம இன்னும் விண்டோஸ் 10-லதான் ஓடுது என்பதால், அதை வெச்சே பார்ப்போம்.

முதல்ல ஒரு குழப்பம் தீரணும். ஸ்லீப் வேற, ஹைபர்னேட் வேற. ஸ்லீப்ல நீங்க திறந்து வெச்ச எல்லாமே ரேம்லயே இருக்கும். ரேமுக்கு மட்டும் துளி கரன்ட் போய்க்கிட்டே இருக்கணும். அது நின்னா எல்லாம் போச்சு. ஹைபர்னேட்டில் ரேம்ல இருக்கிறது ஒரு ஃபைலா ஹார்டு டிஸ்க்கில் எழுதப்பட்டு, மெஷின் முழுசா அணைஞ்சிடும். பிளக்கையே பிடுங்கினாலும் பயமில்லை.

லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, டெஸ்க்டாப்புக்கு இல்லை. யுபிஎஸ் இல்லாத வீட்டில் ஸ்லீப் போட்டுட்டு சாப்பிடப் போறீங்க, கரன்ட் ஒரு செகண்ட் கட் ஆகி வருது. சேவ் பண்ணாத ரெக்கார்டு நோட்டு காலி. இதுக்காகவே விண்டோஸ்ல 'ஹைப்ரிட் ஸ்லீப்'னு ஒண்ணு இருக்கு. தூங்கும்போதே டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுதி வெச்சுக்கும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ஸ்லீப் என்று வரிசையா போனா அந்த ஆப்ஷன் தெரியும். தெரியலையா? 'சி டிரைவில் இடம் மிச்சம் பிடிக்கலாம்'னு ஏதாவது வீடியோவைப் பார்த்து யாரோ ஹைபர்னேட்டை ஆஃப் பண்ணியிருக்கலாம். விண்டோஸ் 10-ல அந்த ஃபைல் ரேம் அளவுல சுமார் 40 சதவிகிதம் இடம் எடுக்கும். 8 ஜிபி ரேம்னா 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேல. அந்த இடத்துக்காக ஒரு வார உழைப்பைப் பணயம் வைக்கிறது எனக்கு நல்ல பேரமா தெரியலை.

சரி, பேய்க்கு வருவோம். அது பெரும்பாலும் மவுஸ், நெட்வொர்க் கார்டு, இல்லைன்னா அப்டேட் பண்ணக் கிளம்பின விண்டோஸ். யாருன்னு மெஷினே சொல்லும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி என்று அடிச்சு, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, லாஸ்ட்வேக் என்று சேர்த்தடிங்க. கடைசியா எழுப்பின ஆளோட பேர் வரும். சில நேரம் ஒண்ணும் காட்டாது, அப்பவும் சந்தேகத்துக்கு உரியவங்க இவங்கதான். டிவைஸ் மேனேஜரில் அந்த மவுஸையோ நெட்வொர்க் கார்டையோ டபுள் கிளிக் பண்ணி, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'கம்ப்யூட்டரை எழுப்ப இதை அனுமதி' என்கிற டிக்கை எடுத்துடுங்க. கீபோர்டுக்கு மட்டும் டிக் இருக்கட்டும், நீங்க எழுப்பணுமே! அப்படியும் எழுந்தா, அதே ஸ்லீப் செட்டிங்ஸ்ல 'வேக் டைமர்ஸ்'ஸை டிஸேபிள் பண்ணுங்க.

தூங்கவே மாட்டேங்குதா? அதே கமாண்டில் லாஸ்ட்வேக்குக்குப் பதிலா ரிக்வெஸ்ட்ஸ் என்று அடிங்க. பின்னாடி ஏதோ ஒரு டேப்ல பாட்டு ஓடிட்டிருக்கும்.

தூங்கின மெஷின் எழுந்தும் திரை கறுப்பாவே இருக்குன்னா, உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீங்க. கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்க. அந்த லைட் எரிஞ்சு அணைஞ்சா மெஷின் முழிச்சிருக்கு, படம்தான் வரலை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேர்த்து அழுத்தினா கிராஃபிக்ஸ் டிரைவர் புதுசா ஆரம்பிக்கும், பல நேரம் படம் திரும்பிடும். சேவ் பண்ணிட்டு, கிராஃபிக்ஸ் சிப் கம்பெனியோட தளத்திலிருந்து உங்க மாடலுக்கான டிரைவரைப் போடுங்க. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணின பிறகு ஸ்லீப் என்கிற ஆப்ஷனே மெனுவில் காணோம்னாலும் காரணம் பெரும்பாலும் இதுவேதான். மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் இருந்தா ஸ்லீப் வராது.

லைட்டும் அசையலையா, இல்ல எழுப்பினா புதுசா பூட் ஆகுதா? அப்ப பயாஸ்ல பவர் பகுதியைப் பாருங்க. சில பழைய போர்டுகளில் சஸ்பெண்ட் மோடுக்கு எஸ்1, எஸ்3 என்று ரெண்டு இருக்கும், எஸ்3 இருக்கணும். எஸ்1-ல ஃபேன்கூட நிக்காது. கூடவே தேதி, நேரமும் பின்னாடி போயிருந்தா போர்டில் இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கு. அதை மாத்தினாதான் நீங்க வெச்ச பயாஸ் செட்டிங்ஸும் நிக்கும். இதெல்லாம் சரியா இருந்தும் படுத்தா, ரேமை ஒருமுறை கழற்றி மாட்டலாம். அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ். தூங்கும்போது ரேமுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரன்ட் தர்றது அதுதான். வயசாகி கெப்பாசிட்டர் உப்பினா முதல்ல அந்த வேலையில தடுமாறலாம். அதைத் திறக்காதீங்க, உள்ளே அபாயமான மின்சாரம் தங்கியிருக்கும். முழுசா மாத்திடுங்க. ரேமைத் தொடுறதுக்கு முன்னாடியும் ஷட்டவுன் பண்ணி பிளக்கை எடுத்திருக்கணும். தூங்குற மெஷினில் போர்டு இன்னும் உயிரோடதான் இருக்கு.

ஹைப்ரிட் ஸ்லீப் வேலை செய்யுதான்னு பார்க்கணுமா? எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு, நோட்பேடில் மட்டும் ரெண்டு வரி சேவ் பண்ணாம விட்டு ஸ்லீப் கொடுங்க. டிஸ்க் லைட் அடங்கினதும் சுவர் சுவிட்சை அணைச்சு, ஒரு நிமிஷம் கழிச்சுப் போட்டு ஆன் பண்ணுங்க. அந்த ரெண்டு வரி அங்கேயே இருந்தா, அடுத்த கரன்ட் கட்டை நிம்மதியா வரவேற்கலாம்.