கொட்டகையில் பிறந்த 'வால்வு' பெட்டி!
6-வது முயற்சியில் ஜெயித்த டிரம்ஸ் வாத்தியார்

ஒரு ரம்பம், ஒரு உளி, ஒரு மூலைமட்டம், கொஞ்சம் மரப்பசை, ஒரு சால்டரிங் அயர்ன். இவ்வளவுதான் சாமான்!

இதை வைத்துக் கொண்டு என்ன செய்ய முடியும்? ஒரு ஸ்டூல் செய்யலாம். பழைய ரேடியோவுக்கு மரக்கூடு செய்யலாம். ஆனால் 1962-ம் ஆண்டு லண்டன் நகரில் 3 பேர் சேர்ந்து செய்த பெட்டி, உலகத்தின் காதையே அதிர வைத்து விட்டது!

அது கிதார் வாசிப்பவர்களுக்கான வால்வு ஆம்பிளிபயர். அதை 'ஹெட்' என்பார்கள். 'ஹெட்' என்றால் தலை. இந்தப் பெட்டிக்குள் ஸ்பீக்கர் கிடையாது. ஆம்பிளிபயர் மட்டும்தான். தனியாக உள்ள ஸ்பீக்கர் பெட்டியின் உச்சியில் இது ஏறி உட்கார்ந்து கொள்ளும்.

இதற்கெல்லாம் காரணகர்த்தா ஜிம் மார்ஷல். என்ஜினீயரிங் பட்டம் வாங்கியவரா? அதுதான் இல்லை. ஆசாமி ஒரு டிரம்ஸ் வாத்தியார்!

மாவுக்கட்டில் கழிந்த பிள்ளைப் பருவம்

1923-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி லண்டனில் பிறந்தவர் மார்ஷல். சின்ன வயதிலேயே எலும்பில் காசநோய். கணுக்காலில் இருந்து அக்குள் வரை மாவுக்கட்டு. மற்ற பையன்கள் தெருவில் ஓடியாடிய வயதில், இவர் பல வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் கிடந்தார். பள்ளிப் படிப்பு போயே போய் விட்டது.

2-வது உலகப் போர் வந்தது. உடம்பு சரியில்லாததால் ராணுவத்தில் சேர்க்கவில்லை. பகலில் வேலை, ராத்திரியில் மேடையில் பாட்டு, பிறகு டிரம்ஸ் என்று காலம் ஓடியது.

போர்க்காலத்தில் பெட்ரோல் ஏது? கச்சேரிக்குத் தேவையான ஸ்பீக்கர் பெட்டிகளைத் தன் கையாலேயே செய்து, சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சின்ன வண்டியைக் கட்டி, அதில் ஏற்றிக் கொண்டு மிதித்தார். மரவேலையில் கை பழகியது அப்போதுதான்.

"எங்களுக்கு ஏற்ற பெட்டி இல்லையே!"

1960-ல் மேற்கு லண்டனில் உள்ள ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை திறந்தார். டிரம்ஸ் வாங்க வந்தவர்களோடு கிதார்காரர்களும் வந்து கூடினார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் எல்லாம் அப்போது இளவட்டங்கள். இந்தக் கடைக்கு வந்து போவார்கள்.

இவர்கள் எல்லாருக்கும் ஒரே குறை. மனதில் உள்ள சத்தம், கையில் உள்ள பெட்டியில் வரவில்லை. அமெரிக்காவின் 'பெண்டர்' ஆம்பிளிபயர் நல்ல பெட்டிதான். ஆனால் கடல் தாண்டி வருகிற சரக்கு. விலையைக் கேட்டாலே தலை சுற்றும்!

"நாமே செய்தால் என்ன?" இந்தக் கேள்வி கடையிலேயே கிளம்பியது.

கடையில் ரிப்பேர் வேலை பார்த்தவர் கென் பிரான். அவர் மூலம் வந்து சேர்ந்தவர் டட்லி கிரேவன். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் தொழில் பழகிக் கொண்டிருந்த பையன். வயது 18!

பெரிய தொழிற்சாலை எதுவும் கிடையாது. கொட்டகையும் கடையும்தான் பட்டறை. பெண்டர் கம்பெனியின் 'பாஸ்மேன்' ஆம்பிளிபயரை மாதிரியாக வைத்துக் கொண்டார்கள்.

முதல் பெட்டி தயார். வாசித்துப் பார்த்தார்கள். ஊஹூம்! 2-வது பெட்டியும் சரியில்லை. 3, 4, 5 என்று வரிசையாகத் தள்ளுபடி. 6-வது பெட்டியில் சுவிட்சைப் போட்டு, கிதார் கம்பியைச் சுண்டியதும் எல்லார் முகத்திலும் வெளிச்சம். "இதுதான் அந்தச் சத்தம்" என்று முடிவாகி விட்டது.

கடையில் வைத்த முதல் நாளே 23 பேர் ஆர்டர் கொடுத்தார்கள் என்று மார்ஷல் பின்னாளில் சொல்லி வந்தார்.

அப்படி என்ன வித்தியாசம்?

பழைய வால்வு ரேடியோ வைத்திருந்த வீட்டாருக்கு இது எளிதில் புரியும். சுவிட்சைப் போட்டதும் ரேடியோ உடனே பேசாது. உள்ளே கண்ணாடிக் குழல்கள் மெல்லச் சூடேறி, செக்கச் சிவந்த பிறகுதான் குரல் வரும். அந்தக் குழல்தான் வால்வு. நம் ஊர் கல்யாண வீட்டு மைக் செட்டிலும் ஒரு காலத்தில் இதுவேதான் ஓடியது.

சூடான கம்பியில் இருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிர்த்தகட்டுக்குப் பாயும். நடுவில் ஒரு வலை. கிதாரில் இருந்து வரும் சின்ன மின்சாரம் அந்த வலையைத் தட்டுகிறது. உடனே பெரிய மின்சாரம் அதே தாளத்தில் கூடிக் குறைகிறது. தண்ணீர்க் குழாயின் திருகை லேசாகத் திருப்பினால் ஓட்டம் முழுவதும் மாறுவது போலத்தான்.

பாஸ்மேனில் முதல் வால்வாக இருந்தது 12ஏஒய்7. மார்ஷல் பெட்டியில் அந்த இடத்துக்கு வந்தது ஈசிசி83. இதன் பெருக்கும் சக்தி இரண்டு மடங்குக்கும் மேல்! சத்தத்தைக் கூட்டினால் வால்வு திணறும். திணறும்போது கிதார் ஓசை கரகரத்து, உறுமலாக மாறும். ரேடியோ மெக்கானிக் கண்ணுக்கு இது பழுது. இளைஞர்கள் காதுக்கோ இதுதான் தேன்!

இன்னொரு மாற்றம் மரவேலையில். பாஸ்மேனில் ஆம்பிளிபயரும் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கும் ஒரே பெட்டியில் இருந்தன. முதுகுப்பக்கம் திறப்பு. மார்ஷலோ ஆம்பிளிபயரைத் தனியாகப் பிரித்தார். 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கை வேறொரு பெட்டியில் வைத்து, முதுகையும் பலகை போட்டு மூடினார். சத்தம் பின்னால் சிதறாமல் நெஞ்சில் வந்து மோதியது.

வீட்டிலேயே செய்யலாமா?

இன்றும் உலகம் எங்கும் பலர் இந்த ஹெட்டை வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். மரக்கூடு செய்வது அப்படி ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை.

முதலில் தகரச் சட்டத்தை அளக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரும் வால்வும் உட்காருவது அதில்தான். அதற்கு ஏற்றபடி பெட்டி. பெட்டியைச் செய்து விட்டு, 'உள்ளே போகவில்லையே' என்று முழிப்பவர்கள் உண்டு!

முக்கால் அங்குல பிளைவுட்டில் நான்கு பலகை. முனைகளை, இரண்டு கை விரல்களைக் கோத்துக் கொள்வது போல வெட்டிச் சேர்க்க வேண்டும். ஆணி மட்டும் அடித்தால் டிரான்ஸ்பார்மர் கனத்துக்குத் தாங்காது. கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டக் கூடாது. கழிவுப் பக்கம் ஓட்டி, மிச்சத்தை உளியால் சீவ வேண்டும்.

பசை தடவி இறுக்கியதும் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரம். இல்லாவிட்டால் கோணல்! பசை காய்வதற்குள் தட்டிச் சரி செய்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு விட வேண்டும். மறுநாள் விளிம்பை உப்புத்தாளால் உருட்டி, மேலே ரெக்சின் ஒட்டினால் கடைப் பெட்டி தோற்றுப் போகும்.

வால்வு அடுப்புப் போல் கொதிக்கும். எனவே பின்பக்கம் காற்றுப் போக வழி விட்டே ஆக வேண்டும்.

உஷார்! உள்ளே எமன்

மரவேலையில் தப்பு செய்தால் பலகைதான் வீண். மின்சார வேலையில் தப்பு செய்தால் உயிரே போகும்!

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வால்வு பெட்டிக்குள் அது 400 வோல்ட்டுக்கும் மேல் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கி விட்டால் ஆபத்து போய் விட்டது என்று நினைக்கக் கூடாது. பெரிய கண்டென்சர்கள் மின்சாரத்தைக் குடித்து வைத்திருக்கும். அதைத் தகுந்த ரெசிஸ்டர் மூலம் வடிய விட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். தகரச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம்.

ஸ்பீக்கரை மாட்டாமல் சுவிட்சைப் போட்டு வாசித்தால், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகிப் போகலாம். அனுபவம் உள்ள மெக்கானிக் பக்கத்தில் இல்லாமல் புதியவர்கள் இதில் இறங்கவே கூடாது. மரக்கூட்டை மட்டும் செய்து விட்டு, உள் வேலையை அவரிடம் விடுவது புத்திசாலித்தனம்.

பெயர்ப் பொருத்தம்

1965-ல் டவுன்ஷெண்ட் இன்னும் பெரிய சத்தம் கேட்டார். 100 வாட் ஹெட் பிறந்தது. அவர் விருப்பப்படி 8 ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் அடைத்துக் கொடுத்தார் மார்ஷல். தூக்கிச் சுமந்தவர்களுக்கு இடுப்பு ஒடிந்தது! கடைசியில் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ராக் மேடைகளில் ஆள் உயரத்துக்குத் தெரியும் அந்த அடுக்கு இப்படித்தான் வந்தது.

1966-ல் அமெரிக்காவில் இருந்து லண்டனுக்கு வந்தார் ஒரு கறுப்பு இன இளைஞர். அவருடைய டிரம்ஸ்காரர் மிட்ச் மிட்செல், மார்ஷலின் பழைய மாணவர். அந்த இளைஞரின் முழுப்பெயர் ஜேம்ஸ் மார்ஷல் ஹெண்ட்ரிக்ஸ். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்று உலகமே கொண்டாடியவர் இவர்தான். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. ஆனாலும் ஒரே மார்ஷல்! அந்தப் பெட்டியை உலகப் புகழ் ஆக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மாவுக்கட்டில் கிடந்த பையன், 2012 ஏப்ரல் 5-ந் தேதி தன் 88-வது வயதில் காலமானார். 'சத்தத்தின் தந்தை' என்று அவருக்குப் பட்டப்பெயர்.

முதல் மாடலுக்கு வைத்த பெயர் 'ஜேடிஎம் 45'. ஜே என்றால் ஜிம். டி என்றால் அவர் மகன் டெர்ரி. எம் என்றால் மார்ஷல். சால்டரிங் அயர்னைப் பிடித்துக் கண் எரிய உட்கார்ந்திருந்த 18 வயதுப் பையன் கிரேவனின் பெயரிலோ, பிரானின் பெயரிலோ ஒரு எழுத்துக் கூட அதில் கிடையாது!