பனி, பைக், பாதி ரோட்டுல நெல்லு!

காலைல நாலு மணிக்கு அலாரம் அடிச்சா, ஆஃப் பண்ணிட்டுத் திரும்பிப் படுக்கிற பார்ட்டியா நீங்க? செமஸ்டர் எக்ஸாமுக்கே எந்திரிக்காத எங்க கேங், மார்கழி கடைசி சனிக்கிழமை நாலு மணிக்குத் தாம்பரத்துல ஆஜர்! அஞ்சு பைக், எட்டுப் பேர். ப்ளான் ஒண்ணே ஒண்ணு... செஞ்சிக் கோட்டை, ராஜகிரி உச்சி, ஒரு க்ரூப் போட்டோ.

செஞ்சிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுல திண்டிவனம் போய்த் திரும்பினா சுமார் 150 கிலோமீட்டர். மூணு மணி நேரத்துல சேர்ந்துடலாம். ஆனா லாரிக்குப் பின்னாடி லாரியா பார்த்துட்டுப் போறதுக்கு பஸ்லயே போயிடலாமே பாஸ்? அதனால நாங்க படாளத்துல வலது பக்கம் ஒடிச்சோம். வேடந்தாங்கல், உத்திரமேரூர், வந்தவாசி, தேசூர், அப்புறம் செஞ்சி. தூரம் கொஞ்சம் அதிகம். நேரம் ரொம்பவே அதிகம். ஆனா வழி முழுக்க ஏரி, வயல், புளியமரம்!

'நம்ம ஊர்ல என்னப்பா பெரிய குளிர்?'னு சிரிக்காதீங்க. வீட்டுக்குள்ள 20 டிகிரி சுகம்தான். அதே 20 டிகிரில அறுபது கிலோமீட்டர் வேகத்துல காத்து நெஞ்சுல மோதினா, செங்கல்பட்டு தாண்டுறதுக்குள்ள விரல் மரத்துப் போயிடும். மரத்த விரல் பிரேக்கைப் பிடிக்காது. லெதர் ஜாக்கெட் இல்லையா? நாலு பக்கம் நியூஸ்பேப்பரை சட்டைக்குள்ள நெஞ்சுல வெச்சு மேல ஸ்வெட்டர் போடுங்க, காத்து நுழையாது. தாத்தா காலத்து டெக்னிக், இன்னிக்கும் ஹிட். கைக்கு க்ளவுஸ் மட்டும் கட்டாயம். எங்கள்ல ஒருத்தன், 'அதெல்லாம் சீனுடா மச்சான்'னு க்ளவுஸ் போடாம வந்தான். அவனைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

ஹெல்மெட் ஓட்டுறவருக்கு மட்டுமில்ல, பின்னாடி உக்கார்றவருக்கும் சட்டப்படி கட்டாயம். லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் டிஜிலாக்கர்ல இருந்தாலும் செல்லும்.

கூட்டமா ஓட்டுறதுல ஒரு கலை இருக்குங்க. ரூட் தெரிஞ்சவர் முன்னாடி. நல்லா ஓட்டத் தெரிஞ்ச, பதட்டப்படாத ஆள் கடைசில, ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸோட. சின்ன பைக் வெச்சிருக்கறவர் ரெண்டாவது. அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். ஹைவேல ஜிக்ஜாகா போகலாம், கிராமத்து ரோட்டுல ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். இடைவெளி குறைஞ்சது ரெண்டு செகண்ட். அறுபதுல போனா ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிடுது வண்டி. பனி இருந்தா அந்த இடைவெளியை ரெண்டு மடங்கா ஆக்குங்க. ஹை பீம் போடாதீங்க, பனில பட்டு உங்க கண்ணுக்கே வெள்ளைச் சுவரா திரும்பி வரும். லோ பீம் போதும்.

வேடந்தாங்கல்ல இறங்கினப்ப ஆறரை இருக்கும். ஏரிக்கரை மேல ஏறி நின்னா தண்ணிக்குள்ள நிக்கிற மரம் பூரா வெள்ளை வெள்ளையா கொக்கு, நாரை. சத்தம் ஒரு கல்யாண மண்டபம் மாதிரி! இந்த ஊர்க்காரங்க பறவை பயந்துடும்னு தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்கிறதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம், அந்த நன்றி. அப்படிப்பட்ட ஊர்ல போய் சைலன்சரைக் கழட்டிட்டு 'டப் டப்'னு முறுக்கினா எப்படி இருக்கும்? எங்க கேங்ல ஒரு வண்டி அப்படித்தான். கரைக்கு ரொம்ப முன்னாடியே ஆஃப் பண்ண வெச்சுத் தள்ளிட்டு வரச் சொன்னோம். ரோஷத்தோட தள்ளினான்.

உத்திரமேரூர்ல இட்லி, வடகறி. பக்கத்துல வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர். பராந்தகச் சோழன் காலத்து, கி.பி. 920-ஐ ஒட்டிய குடவோலைக் கல்வெட்டு. நம்ம காலேஜ் எலெக்‌ஷன்ல நிக்கிறவங்க அவசியம் படிக்கணும். வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. முன்னாடி பதவில இருந்து கணக்குக் காட்டாதவன் நிக்கவே முடியாது. 'அப்ப நம்ம சிம்போசியம் ட்ரெஷரர் அவுட்டு'ன்னு ஒருத்தன் கத்த, ட்ரெஷரர் வடையைப் பார்த்துட்டே இருந்தான்.

வந்தவாசி வரைக்கும் எல்லாமே சூப்பர். 1760 ஜனவரி 22-ஆம் தேதி, இங்கிலீஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் மோதின இடம். அயர் கூட் ஜெயிச்சார், லாலி தோத்தார், தென்னிந்தியால பிரெஞ்சு ஆட்டம் கிட்டத்தட்ட முடிஞ்சது. நாங்க அங்க சண்டை எதுவும் போடல. டீ குடிச்சோம்.

தேசூர் ரோட்டுலதான் மேட்டர். க்ளவுஸ் போடாத நம்மாளு போட்டோ எடுக்க நின்னுட்டான். கடைசி வண்டி பஞ்சர் பார்க்க வந்தவாசிலயே நின்னுடுச்சு, அதனால இவனுக்குப் பின்னாடி யாரும் இல்ல. நாங்க திரும்பிப் பார்க்காமப் போயிட்டோம். அதான் முதல் தப்பு, எங்க தப்பு. கேங்கைப் பிடிக்கணும்னு அவன் முறுக்கியிருக்கான். அது ரெண்டாவது தப்பு. பின்தங்கின ஆள் எப்பவுமே தன் வழக்கமான வேகத்தைத் தாண்டித்தான் ஓட்டுவாருங்க.

அறுவடை நேரம். ரோட்டுல பாதியைக் கல்லு வெச்சு மறிச்சு நெல்லு காயப் போட்டிருக்காங்க. வளைவுல திரும்பினா, மீதிப் பாதில எதிர்ல பஸ்! அவன் நெல்லு மேல ஏத்தி, முன் பிரேக்கைப் பிடிச்சிருக்கான். நெல்மணி டயருக்குக் கீழ கோலிக்குண்டு மாதிரி. ஏ.பி.எஸ். இருந்தாலும் பிடிமானமே இல்லாத இடத்துல அது என்ன பண்ணும்? வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

நாங்க திரும்பி வந்தப்ப பஸ்ஸை நிறுத்திட்டு டிரைவர், கண்டக்டர் இறங்கி நிக்கிறாங்க. நெல்லுக்குக் காவல் இருந்த பாட்டி அவன் பக்கத்துல குந்திக்கிட்டு, தோள்ல இருந்த துண்டை மடிச்சுக் கையைத் தூளி மாதிரி கட்டுது. "இன்னா கண்ணு, யாரு துரத்துறாங்க உன்ன?"ன்னு கேட்டுச்சு பாருங்க... எங்க யாருக்கும் பதில் இல்ல.

உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சு ரத்தம். தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்துச்சு. ஹெல்மெட்ல நீளமா ஒரு கீறல். அந்தக் கீறலைப் பார்த்ததும் எங்கள்ல ஒருத்திக்கு அழுகையே வந்துடுச்சு. 108-க்கு போன் போட்டோம். இந்த மாதிரி நேரத்துல ஞாபகம் வெச்சுக்கோங்க. விழுந்தவர் மயக்கமா இருந்தா ஹெல்மெட்டைப் பிடிச்சு இழுக்காதீங்க, தூக்கி உக்கார வைக்காதீங்க. தமிழ்நாட்டுல விபத்துன்னா முதல் 48 மணி நேரத்துக்கு அரசு ஆஸ்பத்திரிலயும் திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் வரம்புக்குட்பட்டு இலவச சிகிச்சை உண்டு. 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச திட்டம்.

ஆம்புலன்ஸ் போனதும் பார்த்தா, ரோடு பூரா சிதறின நெல்லு. பாட்டி முறத்தை எடுத்துட்டு வந்து ஒரு வார்த்தை பேசாம கூட்ட ஆரம்பிச்சுச்சு. ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு, மத்தவங்க பாட்டியோட உக்கார்ந்து மண்ணையும் நெல்லையும் பிரிச்சோம். ஒரு மணி நேரம். அப்பவும் கல்லு கலந்துடுச்சு. "போங்கப்பா, நான் பாத்துக்கறேன்"னு சொல்லிச்சே தவிர, பணம் குடுத்தப்ப வாங்கல.

அரசு ஆஸ்பத்திரில எக்ஸ்ரே. காறை எலும்புல விரிசல், ஆறு வாரம் ரெஸ்ட். அதைவிடப் பெரிய சிக்கல் இனிமேதான். அவன் வீட்ல சொல்லிட்டு வந்தது 'கம்பைன்ட் ஸ்டடி'. பைக் அப்பாவோடது. "ஃப்ரெண்ட் வீட்டு மாடிப்படில விழுந்துட்டேன்னு சொல்லிடலாம்டா, ப்ளீஸ்"னு கெஞ்சறான். எங்களுக்குள்ள அரை மணி நேரம் விவாதம். மாடிப்படில விழுந்தா பைக்கோட ஹேண்டில் எப்படி வளையும்னு ஒருத்தன். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் யார் பேர்ல போடறதுன்னு இன்னொருத்தி. நாளைக்கு நமக்கு ஏதாவது ஆனா நம்ம வீட்டுக்குத் தெரியாமலே போயிடுமேன்னு மூணாவது ஆள் மெதுவா சொன்னப்பதான் எல்லாரும் வாயை மூடினோம். எட்டுப் பேர்ல அஞ்சு பேர் வீட்ல பொய்தான் சொல்லிட்டு வந்திருக்கோம். நானும்தான்.

அவனையே பேச வெச்சோம். ஸ்பீக்கர்ல போட்டான். முதல்ல மௌனம். அப்புறம் அவங்க அப்பா கேட்டது, "ஹெல்மெட் போட்டிருந்தியா?" 'ஆமா'ன்னதும், "எந்த ஆஸ்பத்திரி? அங்கயே இரு, வர்றேன்". திட்டு, சத்தம், அட்வைஸ் எதுவும் இல்ல. அதுக்கு அவன் தேம்பித் தேம்பி அழுதான் பாருங்க, எலும்பு விரிஞ்சப்பகூட அப்படி அழல. திட்டெல்லாம் வீட்டுக்குப் போனப்புறம் வட்டியோட வந்துச்சுன்னு கேள்வி!

அப்பா பஸ்ல வந்து சேர்ந்தப்ப சாயங்காலம் நாலு. மத்தவங்க இருட்டறதுக்குள்ள திண்டிவனம் போய் ஹைவே பிடிச்சோம். ராத்திரில கிராமத்து ரோடு வேண்டாம். தார்ப்பாய் போட்டு மூடின நெல்லுக் குவியல், சுத்தி வெச்ச கருங்கல், எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அன்னிக்கு ராத்திரி மத்த நாலு பேரும் அவங்கவங்க வீட்ல உண்மையைச் சொன்னோம். எனக்கு ரெண்டு வாரம் பைக் சாவி கட்.

செஞ்சி இன்னும் பாக்கி இருக்கு. 2025-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வேற சேர்ந்துடுச்சு, கூட்டம் கூடும். பிப்ரவரி கடைசிக்குள்ள போயிடணும், அப்புறம் வெயில்ல ராஜகிரிப் படி ஏறவே முடியாது. ரூட், நேரம், எட்டுப் பேர் நம்பர் எல்லாம் எழுதின பேப்பர் இந்த முறை எட்டு வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் ஒட்டியாச்சு. போற வழில தேசூர் ரோட்டுல நின்னு, பாட்டியோட துண்டைத் துவைச்சு மடிச்சுத் திருப்பிக் குடுக்கணும். நம்மாளு பில்லியன்லதான் வர்றான். ரெண்டு கைலயும் க்ளவுஸ்.